கோடையில் என் வகுப்புக்கு வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த கேள்வி பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். திருச்சியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருந்தார். அவருடைய மகள் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில், பக்கத்தில் இருக்கும், பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) வேதியியல் பாடம் ஒன்றை மட்டும் எடுத்து முடித்துவிடலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். தங்கள் ஆலோசகர் மூன்றே வரியில் பதில் தந்திருந்தார். எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம் அது, நல்ல பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் அங்கே போக வேண்டாம், போனால் சான்றிதழில் அது கறையாக நிற்கும் என்பதுதான் அந்தப் பதில்.

அந்தக் "கறை" என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பதினெட்டு வருடங்களாக சான் ஹோசேக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் பள்ளிப்படிப்பு, மதுரையில் எம்.எஸ்சி., கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து மறுபடியும் படித்து இந்த வேலைக்கு வந்தேன். ஒரு கோடை தவறாமல் கோடை வகுப்பு எடுக்கிறேன். அங்கே யார் வந்து உட்காருகிறார்கள் என்பது எனக்கு நேராகத் தெரியும்.

முதல் நாள் முதல் வேலையாக உள்ளங்கை அளவில் வெள்ளை அட்டை ஒன்றை ஆளுக்கொன்று கொடுப்பேன். பெயர், இதற்கு முன் படித்த இடம், கடைசியாக எடுத்த வேதியியல் அல்லது கணிதப் பாடம், அது எந்த வருடம் என்று நான்கு விவரம் எழுதித் தர வேண்டும். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்த அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவேன். எங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று எனக்குச் சொல்லித் தருவது அந்த அட்டைகள்தான். செப்டம்பரில் தொடங்கும் வகுப்பானால் "இதற்கு முன் படித்த இடம்" என்பதற்கு நேரே சுற்றுவட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளின் பெயர்கள் இருக்கும். கோடையில் அட்டைகளே வேறு மாதிரி. பெர்க்லி, டேவிஸ், சான்டா க்ரூஸ், சான் டியேகோ, சான் ஹோசே ஸ்டேட், கால் பாலி, எல்லாம் கலிபோர்னியாவின் பல்கலைக்கழகங்கள். எப்போதாவது ஒன்றிரண்டில் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் இருக்கும். சென்ற கோடையில் முப்பத்திரண்டு அட்டைகள். அவற்றில் பாதிக்கும் மேல் நான்காண்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிள்ளைகளுடையவை. எட்டு வாரம் படிப்பார்கள், ஆகஸ்டில் கிளம்பிப் போய்விடுவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரை நான் மறுபடி பார்ப்பதில்லை.

இடம் கிடைக்காதவர்கள் என்று ஆலோசகர் சொன்னது இவர்களையா?

ஏன் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகளில் பெர்க்லியும் மெர்சிடும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. பட்டப்படிப்பு நடத்தும் மற்றவை குவார்ட்டர் முறையில், பத்துப் பத்து வாரமாக ஓடுகின்றன. பத்து வாரத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் போதும், பாடம் கைவிட்டுப் போய்விடும். வேதியியல், கணிதம், இயற்பியல் எல்லாம் படிக்கட்டு மாதிரி. முதல் பாகம் முடிக்காமல் இரண்டாம் பாகத்தில் உட்கார முடியாது. தவறவிட்ட பாடத்தை மறுபடி எடுக்கப் போனால் சொந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் நிரம்பியிருக்கும். சிலர் பாதியில் துறை மாறியிருப்பார்கள். சிலர் கோடையில் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பாடத்தை முடித்துவிடலாம் என்று வருகிறவர்கள்.

பணமும் ஒரு காரணம். கலிபோர்னியாவாசிக்கு இங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு ஒன்றுக்கு, 46 டாலர். 2012 கோடையிலிருந்து இந்தக் கட்டணம்தான். ஐந்து யூனிட் வேதியியல் பாடத்துக்கு 230 டாலர். அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள் கொஞ்சம் வரும். இதே பாடத்தைக் கோடையில் பல்கலைக்கழகத்தில் எடுத்தால் பல மடங்கு ஆகும். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாக திருச்சி அன்பருக்கு. மாணவர் விசாவில் வந்திருக்கும் பெண்ணுக்கு இந்த 46 டாலர் பொருந்தாது. வெளிநாட்டு மாணவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் தனிக் கட்டணம் உண்டு. யூனிட் ஒன்றுக்குச் சில நூறு டாலர் வரும். அப்படியிருந்தும் பல நேரங்களில் பல்கலைக்கழகக் கோடைக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும், இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேருவதற்கு முன்பே அவளுடைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

"சமுதாயக் கல்லூரி" என்ற பெயரே நம் ஊரில் குழப்பத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கிறேன். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் வந்தவை பெரும்பாலும் தொழில் திறன் கற்றுக்கொடுக்கும் இடங்கள். அவை செய்யும் வேலையும் அரிய வேலைதான். அமெரிக்காவில் இந்தப் பெயரின் பொருள் வேறு. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளியிலேயே ஆறு மாணவர்களோடு தொடங்கியது அது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே தருவது என்பதுதான் அப்போதைய எண்ணம். கலிபோர்னியா 1960-இல் உயர்கல்விக்கென்று ஒரு பெருந்திட்டம் வகுத்தபோது, பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வேறொரு தொகுப்புக்கு, சமுதாயக் கல்லூரிக் கதவு மட்டும் படிக்க வரும் எல்லோருக்கும் என்று வைத்தது. ஆகவே இடம் கிடைக்காதவர் என்று ஒருவரும் இல்லாத இடம் இது. இன்று மாநிலத்தில் 116 கல்லூரிகள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிவதில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர் தம் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியது எங்கள் பக்கத்திலேயே இருக்கும் காலேஜ் ஆஃப் சான் மேட்டியோ என்ற சமுதாயக் கல்லூரியில்தான். என் மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் சொல்லுவேன்.

கோடைக்கு மட்டும் வருகிறவர்களை மாநிலமே கணக்கில் எடுத்திருக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் உங்கள் கல்வி நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. பட்டம் பெற, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற, வேலைக்குத் தகுதி பெற என்று வரிசையாக விடைகள் இருக்கும். நான்காண்டுக் கல்லூரி மாணவர், அந்தக் கல்லூரியின் தேவைக்காகப் பாடம் எடுக்கிறேன் என்பதும் அந்த வரிசையில் ஒரு விடை. ஒளிந்துகொண்டு வருகிறவர்களுக்காக யாரும் விண்ணப்பத்தில் கட்டம் போட்டு வைக்க மாட்டார்கள்.

முன்பு எங்கே படித்தார்கள் என்பதைக் கேட்டு வைக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எங்கள் கல்லூரிப் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு இந்தப் பிள்ளைகள் ஒரே ஒரு பாடம் படித்துவிட்டுப் பாதியில் நின்றுபோனவர்களாகத் தெரிவார்கள். நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்று 1993-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. நாடு முழுவதுமுள்ள கல்லூரிகள் யார் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்ற விவரத்தை அதற்கு அனுப்புகின்றன. அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். நின்றுபோனவள் என்று நினைத்த பெண் டேவிஸில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருப்பாள். அரசு வெளியிடும் பட்டம் பெற்றோர் விகிதமோ, முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. கோடையில் வந்துபோகிறவர் அதில் இல்லை. வேலை பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் படிக்கும் பகுதிநேர மாணவரும் இல்லை. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு இந்தக் கல்லூரிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்ற கோடையில் இரண்டாவது வாரம், தரம்பார்த்தல் சோதனை. நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் செய்கிற அதே சோதனைதான். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, கூம்புக் குடுவையில் அமிலம், இரண்டு சொட்டு ஃபினால்ப்தலீன். பெர்க்லியிலிருந்து வந்த ஒரு பையன், கெட்டிக்காரன், கணக்கெல்லாம் மனத்திலேயே போடுகிறவன், மூன்று முறை செய்தும் மூன்று அளவும் ஒத்துவரவில்லை. குடுவையில் நிறம் சரியாகத்தான் வந்தது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான வெளிர் இளஞ்சிவப்பு. அளவு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்று. அவன் முகம் வாடிப்போயிற்று. பக்கத்து மேசையில் நாற்பதைக் கடந்த ஒரு பெண்மணி. மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் உதவியாளர். செவிலியர் படிப்புக்கு வேதியியல் வேண்டும் என்று வந்தவர். இரவு வேலை முடித்து அந்தச் சீருடையோடேதான் வகுப்புக்கு வருவார். நான் அந்தப் பையனிடம் போவதற்குள் அவர் எழுந்து போனார். நான் முதல் நாள் கொடுத்ததில் மிஞ்சிய வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, அதில் கறுப்பு மார்க்கரால் தடிமனாக ஒரு பட்டை தீட்டி, பியூரெட்டுக்குப் பின்னால் பிடித்தார். "குனி, கண்ணை இதற்கு நேராகக் கொண்டுவா" என்றார். பையன் முழங்காலை மடக்கிக் குனிந்தான். அதுவரை மேலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, நீர்மத்தின் வளைந்த மேற்பரப்பான பிறைத்தளம் அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேலே கோடு போட்டதுபோலத் தெரிந்தது. அடுத்த இரண்டு அளவும் ஒத்துவந்தன.

எட்டு வாரமும் அவர்கள் இருவரும் ஒரே மேசையில்தான் வேலை செய்தார்கள். அவருக்கு மோல் கணக்கு வராது. அதை அவன் சொல்லிக்கொடுத்தான்.

அந்த அம்மாள் அந்தப் பாடத்துக்காக ஏற்கெனவே ஒரு கோடை காத்திருந்தவர். முந்தைய வருடம் போதிய ஆள் சேரவில்லை என்று வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைகள் உள்ளூர்க்காரர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு முணுமுணுப்பு எங்கள் ஆசிரியர் அறையிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதிவில் முதல் உரிமை ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கும் முன்னால் வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள், முன்னாள் படைவீரர், உடற்குறை உள்ளவர். வெளியிலிருந்து வருகிறவர் கடைசியில்தான் உள்ளே வருகிறார். வந்து வகுப்பை நிரப்புகிறார். அவர்கள் வந்ததால்தான் அந்த வகுப்பு சென்ற கோடையில் நடந்தது, அந்த அம்மாளும் அதை முடித்தார்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்கள் ஆன்ட்டி, பெயர் மட்டும் வேண்டாம்" என்றான்.

அதே முதல் நாள் அட்டைகளில் ஒன்றில் தமிழ்ப் பெயர். "இதற்கு முன் படித்த இடம்" என்பதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்து, மறுநாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுத் தமிழில் கேட்டேன். அவன் கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினான். சான் டியேகோவில் படிக்கிறான். மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை. குளிர்காலக் குவார்ட்டரில் உடம்பு சரியில்லாமல் வேதியியலைப் பாதியில் விட்டுவிட்டான். இங்கே வருவது வீட்டில் தெரியும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. கோவையில் இருக்கும் பாட்டியிடம், அவன் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகிறான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். "தமிழ்ப் பள்ளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் ஆன்ட்டி" என்று கேட்டுக்கொண்டான். பத்தொன்பது வயதுப் பிள்ளை, படிக்க வந்ததற்காக அப்படிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவன் அம்மாவே ஒரு நாள் வந்து பேசினார். நல்ல பெண்மணி, பிள்ளைமேல் உயிராக இருப்பவர். அவர் கேட்டது ஒன்றுதான். மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? தங்கள் ஆலோசகர் சொன்ன அதே "கறை"யை நினைத்துத்தான் அவரும் பயந்தார். முடியாது என்றேன். அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளுக்கு ஒரே பொது விண்ணப்ப முறை. அதில் பள்ளிக்குப் பிறகு படித்த ஒவ்வொரு கல்லூரியையும் காட்ட வேண்டும். கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அந்தக் கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் நேரே போய்ச் சேர வேண்டும்; அந்த மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். மறைத்தால்தான் விபரீதம். அங்கே வாங்கிய "ஏ" யாருடைய பெயரையும் கெடுத்ததில்லை.

முழு உண்மையையும் அவரிடம் சொன்னேன். சில மருத்துவப் பள்ளிகள் அடிப்படை அறிவியல் பாடங்களை நான்காண்டுப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருப்பதை விரும்புகின்றன. அதனால் எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட வேண்டாம். விட்டுப்போன ஒன்றை இங்கே முடித்துக்கொண்டு, அடுத்த பாகத்தை அங்கே போய் எடுத்து நன்றாகச் செய்யட்டும் என்றேன். செய்துகொண்டிருக்கிறான்.

திருச்சி அன்பருக்குத் தங்கள் ஆலோசகர் சொல்லியிருக்க வேண்டியவை இவைதாம். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று பார்க்க அசிஸ்ட் என்ற பொது இணையதளம் ஒன்றைக் கலிபோர்னியாவில் வைத்திருக்கிறார்கள். மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகமானால் மகள் அதில் தன் பல்கலைக்கழகத்தையும் எங்களைப் போன்ற கல்லூரியையும் தேர்ந்தெடுத்தால், இரண்டு பாடமும் எதிரெதிரே வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகும் தன் துறை ஆலோசகரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்றால், யூனிட்டுகள்தாம் கணக்கில் சேரும். இங்கே வாங்கும் கிரேடு அங்குள்ள சராசரியைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மற்றப் பல்கலைக்கழகங்களில் விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். எடுக்கப் போகும் பாடத்துக்கு முந்தைய பாகத்தை முடித்ததற்கான மதிப்பெண் பட்டியலை, சேரப் போகும் கல்லூரிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். இதில் ஏமாந்துபோகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பட்டியல் சரிபார்த்து முடிவதற்குள் வகுப்பு நிரம்பிவிடும், அழாத குறையாக எனக்கு மின்னஞ்சல் வரும். மார்ச்சிலேயே இந்த வேலையைத் தொடங்குவது உத்தமம். குவார்ட்டர் முறையில் படிக்கிற பெண்ணானால் தேதிகளையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஜூன் நடுவில்தான் தேர்வு முடியும்; சில கல்லூரிகளில் கோடை வகுப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இன்னொன்றும் அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும். செமஸ்டர் முழுவதற்குமான பாடம் எட்டு வாரத்தில் முடிகிறது. வாரத்தில் நான்கு நாள் காலை விரிவுரை, இரண்டு நாள் அதோடு ஆய்வுக்கூடம். ஒரு நாள் வராவிட்டால் ஏறக்குறைய அரை வாரப் பாடம் போய்விடும். சுலபமாக மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வருகிறவர்கள் முதல் தேர்விலேயே திகைத்து நிற்கிறார்கள். நான் யாருக்கும் மதிப்பெண்ணை இலவசமாகப் போடுவதில்லை, என்னோடு பணிபுரிபவர்களும் போடுவதில்லை.

ஆகஸ்டில் கடைசித் தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தத் தமிழ்ப் பையன் மட்டும் மேசைப் பக்கம் வந்தான். முதல் நாள் எழுதிய அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அட்டைகளை நான் வருடம் முடியும்வரை ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பேன், எடுத்துக் கொடுத்தேன். விட்டுப்போன இடத்தில் தன் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினான். பிறகு அதற்குக் கீழே, கேட்காமலே, எங்கள் கல்லூரியின் பெயரையும் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அவனுடைய பாட்டி தங்கள் நாளிதழைத்தான் தினமும் படிக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கல்விப் பக்கத்தைப் பேரனுக்காகக் கத்தரித்து வைக்கிறார் என்று அவன் சொல்லியிருக்கிறான். சென்ற வாரத்துப் பதிலையும் கத்தரித்து வைத்திருப்பார். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்திய பதிலை வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமுதாயக் கல்லூரி வேதியியல் ஆசிரியை ஒருவர்,
சான் ஹோசே, கலிபோர்னியா